கடை முழம்

என் பெரியப்பா பொய் சொன்னார். அந்தப் பொய்யால் என் மாமாவின் தொழில் போனது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷ ஆடித் திருவிழாவுக்கு எங்கள் தெரு முனையில் பேனர் கட்டியிருக்கிறார்கள். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். பெரியப்பா வெள்ளைச் சட்டையில் கை கூப்பிச் சிரிக்கிறார். 'ஆண்டுதோறும் சிறு அசம்பாவிதமும் இன்றி அன்னையின் விழாவை நடத்திவரும் ஐயா அவர்களுக்குப் பாராட்டு விழா' என்று கீழே எழுதியிருக்கிறது. புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள் வைத்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கெங்கோ பிறந்து, கம்ப்யூட்டர் வேலைக்காக இங்கே வந்து கடன் போட்டு வீடு வாங்கியவர்கள். அவர்களைப் பொறுத்தவரை அவர் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கிற பெரியவர். ஆனால் 'சிறு அசம்பாவிதமும் இன்றி' என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வண்டிகளுக்கு வயர் கட்டுகள் செய்கிற கம்பெனி. நான் செக்கிங். அளவு குறைந்த வயர் வந்தால் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் பிழைப்பு. அரை விரல் குறைந்துவிட்டால் லைனில் இருப்பவர்கள் என்னென்னவோ செய்வார்கள். இழுத்துப் பிடித்து மாட்டுவார்கள். துண்டு வைத்து ஒட்டுப் போட்டு மேலே குழாய் மாட்டி மறைப்பார்கள். பக்கத்து வயரோடு சேர்த்துக் கட்டி, நீளம் தெரியாமல் சுருட்டி வைப்பார்கள். என் மேஜைக்கு வந்ததும் விரலால் ஒரு தடவு தடவினாலே எனக்குத் தெரிந்துவிடும். சிவப்பு அட்டை கட்டித் தூக்கிப் போடுவேன். "இந்த அக்காவுக்கு ஈவு இரக்கமே கிடையாது" என்று கேன்டீனில் பேசுவார்கள். பேசட்டும். வெட்டின வயர் வளராது.

ஒட்டு எப்படிப் போட்டிருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். நானோ, வெட்டினது யார் என்று கேட்பேன். இந்தக் கேள்வி எனக்கு ஆறாம் வகுப்பு படிக்கும்போது வந்த வியாதி.

அப்போது அம்மா பூ கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். அப்பா லாரி ஓட்டினார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஒரே மனையில் முன் வீடு பெரியப்பாவுடையது, பின் வீடு எங்களுடையது. நிலமெல்லாம் மனையாகப் போன பிறகும் பெரியப்பா ஏரியோரம் ஒரு துண்டு வைத்திருந்தார். அதில் கீரை போட்டார். அதற்குத் தண்ணீர் இறைக்க ஒரு மோட்டார் கொட்டாய் இருந்தது. அந்தக் கொட்டாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் இரண்டு முழம் இருந்தது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீட்டி அளந்தால் அது வீட்டு முழம். விரல்களைச் சரத்தோடு சேர்த்து லேசாக உள்ளே மடக்கி, மடக்கிய விரல் முட்டி வரைக்கும் அளந்தால் அது கடை முழம். பார்க்கிறவர்களுக்கு விரல் மடங்கியது தெரியாது, பூவைப் பிடித்திருக்கிற மாதிரிதான் தெரியும். "சாமிக்கும் சொந்தத்துக்கும் ஊட்டு முழம். யாவாரத்துக்குக் கடை முழம். மாத்திப் போட்டியானா அடுப்பு எரியாது" என்று அம்மா சொல்லித் தந்தாள். ஏமாற்று வேலைதான், நான் மறைக்கப் போவதில்லை. அவள் மட்டும் செய்ததும் இல்லை. ஆனால் அந்த வயதில் எனக்கு அது ஏமாற்றாகத் தெரியவில்லை, கைத்திறமையாகத் தெரிந்தது. அம்மாவைவிட நன்றாக மடக்குவேன். வாங்குகிறவர்கள் என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கும்படி பேச்சுக் கொடுக்கவும் கற்றுக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. நெமிலிச்சேரியில் இருந்தார், வயர்மேன். ஆவடியிலிருந்து எங்கள் பக்கம் வரைக்கும் புது வீடு கட்டுகிறவர்கள் அவரைத்தான் தேடுவார்கள். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் இரண்டு தரம் துடைப்பார். ஒவ்வொரு ஆடிக்கும் எங்கள் தெருக் கோயிலுக்கு லைட் கட்ட வருவார். அக்கா வாழ்க்கைப்பட்ட தெரு என்பதால் கூலி கேட்கமாட்டார். அவர் கேட்கவில்லை என்பதால் பெரியப்பாவும் கொடுக்கமாட்டார்.

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆடிக்கு முந்தின வருஷம்வரை தெருக் கம்பத்தில் கொக்கி மாட்டித்தான் திருவிழா நடந்தது. முந்தின வருஷம் கரண்ட் ஆபீஸ்காரர் வந்து, சாமி புறப்பாட்டுக்கு நடுவில் கொக்கியை உருவிவிட்டுப் போய்விட்டார். பெரியப்பாவுக்கு மானம் போய்விட்டது. அதனால் அந்த வருஷம் தன் வீட்டு மீட்டரிலிருந்தே லைன் கொடுப்பதாகச் சொன்னார். தெருப் பணத்தில் ஒரு காயில், அதாவது ஒரு பெரிய சுருள், வயர் வாங்கச் சொன்னார். மாமாதான் வாங்கி வந்தார். சாம்பல் நிறம், தடித்த வயர். ஒரு கயிற்றை மீட்டரிலிருந்து வேப்பமரத்தில் ஏற்றி, தெருவைத் தாண்டி, பந்தல்வரை இழுத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கயிற்றைத் தன் கையால் அளந்தார். அறுபது முழம் வந்தது.

அந்தக் கயிற்றை வைத்தே வயரை அளந்திருக்கலாம். ஆனால் அவர் கீழே வைத்த மறுநிமிஷம் யாரோ அதைப் பந்தல் கட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தெருவில் கீழே வைத்த கயிறு கீழே இருக்காது.

டியூப் லைட்டுக்கு ஹோல்டர் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை மதியத்தோடு மூடிவிடும். மாமா அம்பத்தூருக்குச் சைக்கிளில் கிளம்பினார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, காயில்ல அறுபது முழம் அளந்து, அந்த எடத்துல ஒரு துணி கட்டி வை. வெட்டிடாத. நான் வந்து இன்னொரு தபா அளந்து பாத்துட்டு வெட்டிக்கிறேன்."

பெரிய ஆள் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. வயரை வாசலில் பரப்பி உட்கார்ந்தேன். அறுபது முழம் அளந்தேன். கடை முழம்.

ஏன் அப்படி அளந்தேன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். வயர் சாமிக்கு, அளக்கச் சொன்னவர் சொந்தம். அம்மாவின் கணக்குப்படி வீட்டு முழம்தான் போட்டிருக்க வேண்டும். ஆனால் விலை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மடக்குவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று என் கை பழகியிருந்தது. மாமா வந்து பார்த்து, "எவ்ளோ மிச்சம் புடிச்சிருக்கே" என்று மெச்சுவார் என்று நினைத்தேன். என் கை சின்னக் கை என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

துணி கட்டி முடிப்பதற்குள் பெரியப்பா வந்தார்.

"இன்னாடி, அளந்தாச்சா?"

"ஆச்சு பெரியப்பா. மாமா வெட்ட வேணாம்னாரு."

"அவன் வந்து கிழிச்சான். பம்பைக்காரன் வந்துருவான், இன்னும் ஒரு லைட்டு ஏறல."

தேங்காய் உரிக்க வைத்திருந்த அருவாளை எடுத்தார். துணி கட்டின இடத்தைச் செங்கல்மேல் வைத்து ஒரே போடு. பிறகு மீதிக் காயிலைத் தூக்கி என் தோளில் மாட்டினார்.

"மோட்டார் கொட்டாய்க்கு எடுத்துனு வா."

அவருடைய மோட்டார் வயர் இற்றுப்போய்ப் பல மாதமாகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புது வயரை அவரே மாட்டினார். திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் நின்றேன். மோட்டார் ஓடி, குழாயில் தண்ணீர் கொட்டியது. பெரியப்பா மடியிலிருந்து ஒரு பிடி பொட்டுக்கடலை எடுத்துக் கொடுத்தார். தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மூன்று மணிக்கு மாமா திரும்பி வந்தார். வயர் ஏற்கெனவே வெட்டிக் கிடப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு முனையை மீட்டரில் கட்டி, மரத்தில் ஏற்றி, தெருவுக்குக் குறுக்கே இழுத்தார். வயர் டீக்கடைத் தட்டிவரை வந்தது. அதோடு நின்றுவிட்டது. பந்தல் இன்னும் பதினேழு முழம் தள்ளி இருந்தது.

மாமா ஏணியில் நின்றபடி வயர் முனையைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடுகிறார் என நினைத்தேன்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். பெரியப்பா பந்தலுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு காலத்தில் வார்டு மெம்பராக இருந்தவர், தீர்ப்பு சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டார்.

"மீதி வயர் இருக்குமே, அத்த எடுத்துனு வாங்கப்பா" என்று டீக்கடைக்காரர் சொன்னார். புத்தியுள்ள மனுஷன்.

பெரியப்பா மாமாவைப் பார்த்தார். "மீதி எங்க கீது? வாங்கினவன் இவன். காலைல சைக்கிள எடுத்துகினு அம்பத்தூர் போனவனும் இவன். அளவும் இவன் சொன்னதுதான். அங்க போய் யாராண்ட இன்னாத்த வித்தானோ, எனக்கு இன்னா தெரியும்?"

நான் பெரியப்பாவுக்கு எதிரிலேயே நின்றிருந்தேன். என் வாயில் இன்னும் பொட்டுக்கடலை ருசி இருந்தது. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு ஆம்பளைங்க நடுவுல? போய்க் கூழ்ப் பானையைக் கழுவு."

போனேன். இரண்டு வார்த்தை சொன்னால் போதும், கொட்டாயில் இருக்கிறது என்று. சொன்னால் அளந்தது நான் என்று வெளியே வரும், அடி விழும். பானை பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. கழுவின பானையையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

மீதியை விற்றதாகப் பெரியப்பா சொன்னதை மாமா மறுக்கவில்லை. "அளவு தப்பிப்போச்சு மாமா" என்றார். என் மாமா பெரியப்பாவையும் மாமா என்றுதான் கூப்பிடுவார், அக்கா புருஷனுக்கு அண்ணன் இல்லையா. "என் தப்புதான். இப்ப ஆக வேண்டியத பாப்போம்."

பிறகு ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

"இன்னா நைனா, இதுக்குப் போய் மண்டைய ஒடச்சிகினு. கம்பத்துல கொக்கியப் போடு" என்றார் டீக்கடைக்காரர்.

"போன வருஷம் பட்டது போதும். தள்ளுபடி" என்றார் பெரியப்பா.

"என்னாண்ட வெள்ளை வயர் கட்டுக்கட்டா கீது அண்ணாத்தே" என்றார் கேபிள் டிவிக்காரர்.

"அது படம் வர்ற வயர் மச்சான்" என்றார் மாமா. "அதுல இவ்ளோ லைட்டுக்குக் கரண்டு வுட்டா நாளைக்கு நீ வீடு வீடா சாம்பலைத்தான் குடுக்கணும்."

சிரித்தார்கள். கேபிள்காரர் கூழுக்கு ஒரு மூட்டை கேழ்வரகு கொடுத்தவர். அதனால் அவர் யோசனைக்கு மட்டும் 'பரிசீலனை' என்று தீர்ப்பு வந்தது.

மேளம் அடிக்க வந்த பம்பைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார், "வயர் வரலன்னா இன்னா, ஆத்தாள இந்தாண்ட தள்ளி வைங்களேன். பதினேழு முழம்தானே. கூப்ட்டா அவளே நடந்து வந்துருவா."

அதற்குத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள். இன்றைக்கு என் மேஜைக்கு அந்த யோசனைகள் வந்திருந்தால், தேறுகிற இரண்டில் ஒன்று அது.

இன்னொன்று மாமா சொன்னது. "டீக்கடை வரைக்கும் லைட்டு வரட்டும் மாமா. பந்தலுக்கு ரெண்டு பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுப்போம். மைக் பாட்டரில ஓடட்டும். காலைல கடை தொறந்ததும் நானே ஒரே வயரா இழுத்துத் தரேன். இருட்டு கடிக்காது மாமா. கரண்டுதான் கடிக்கும்."

"பக்கத்துத் தெருவுல ஜெகஜோதியா கீது. நம்ம ஆத்தா பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல நிக்கணுமா?" பெரியப்பா எழுந்துவிட்டார். "வயரைத் தொலைச்சவனும் நீ. வழி சொல்றவனும் நீயா? தொழில் தெரிஞ்சவன் ஒட்டுப் போடுவான். தெரியாதவன்தான் பெட்ரோமாக்ஸ் தேடுவான்."

தன் வீட்டு டேபிள் ஃபேனின் வயரையும் இஸ்திரிப் பெட்டியின் வயரையும், போதாததற்குத் தெருவில் அகப்பட்ட துண்டு வயர்களையும் அறுத்துக் கொண்டுவரச் சொன்னார். அதுதான் தீர்ப்பு. போட்டி வைத்தவரும் அவர், ஜெயித்தவரும் அவர்.

அந்தத் 'தொழில் தெரிஞ்சவன்' என்ற வார்த்தை மாமாவுக்குப் பட்டுவிட்டது. நாலு பேர் முன்னால் திருடன் என்றபோது சும்மா இருந்தவர், இதற்கு முகம் சிவந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ரெண்டு விஷயம்" என்றார். "ஒட்டு இரும்புல படக்கூடாது, மூங்கில் நட்டு அதுல கட்டணும். தூத்தல் போட்டா அந்த நிமிஷமே மெயினை ஆஃப் பண்ணிடணும். சரின்னா போடறேன்."

"சரி, சரி" என்றார் பெரியப்பா.

ஒட்டுச் சுற்ற டேப் இரண்டு சுற்றுக்குத்தான் இருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கிழித்துச் சுற்றி நூலால் கட்டினார்கள். அம்மாவின் பூ நூல். மூங்கில் ஒன்றுதான் இருந்தது. அதையும் தோரணத்துக்கு எடுத்துவிட்டார்கள். கடைசியில் ஒட்டு, பந்தலின் இரும்புக் குழாயிலேயே கட்டப்பட்டது. மாமா சத்தம் போட்டார். பெரியப்பா, "அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு விளக்கெல்லாம் எரிந்தன. நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் போய்விட்டது. ஒட்டுப் போட்டாயிற்று, லைட் எரிகிறது, இனி யாரும் முழத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பெரியப்பா தன் வீட்டுப் பக்கம் போட்டிருந்த சின்ன மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து, கேழ்வரகு கொடுத்தவர்கள், பூ கொடுத்தவர்கள் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார்.

அப்போது தூறல் போட்டது.

மாமா என்னிடம் ஓடி வந்தார். "கண்ணு, பெரியப்பாவாண்ட போய் மெயினை ஆஃப் பண்ணச் சொல்லு. ஓடு. நான் குழாயாண்ட யாரும் வராம பாத்துக்கறேன்."

ஓடினேன். மேடைக்குப் பக்கத்தில் நின்று பெரியப்பாவின் வேட்டியை இழுத்தேன். "மாமா மெயினை ஆஃப் பண்ணச் சொல்றாரு பெரியப்பா." அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "படிச்சு முடிச்சுடறேன், இரு" என்றார்.

இருந்தேன். மெயின் சுவிட்ச் பெரியப்பா வீட்டு நடையில், எனக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. இருபது எட்டு வைத்துப் போய் இழுத்திருக்கலாம். நான் போகவில்லை. பூ கொடுத்தவர்கள் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பெயரை மைக்கில் படிப்பார், அதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

அம்மா பெயர் வருவதற்கு முன்னால் லைட்டெல்லாம் அணைந்துவிட்டது.

பந்தலுக்குள் நுழைந்த ஒரு பெண் செருப்பைக் கழற்றுவதற்காகக் குழாயைப் பிடிக்கக் கை நீட்டியிருக்கிறாள். மாமா அவளைத் தள்ளிவிட்டிருக்கிறார். தள்ளின வேகத்தில் ஈரத்தில் வழுக்கி, அவருடைய வலது கை ஒட்டின் மேலேயே விழுந்துவிட்டது. கை அதைப் பிடித்துக்கொண்டது. விடமுடியவில்லை. டீக்கடைக்காரர் மரப் பெஞ்சைத் தூக்கி அடித்துத்தான் பிரித்தார். நான் போய்ப் பார்த்தபோது மாமா சேற்றில் கிடந்தார். தள்ளப்பட்ட பெண் எழுந்து, "குடிச்சுட்டு வந்து பொம்பளைய இடிக்கிறான்" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் மேலும் தப்பில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, குளித்துவிட்டு, பூக்கூடையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கம்போல் கட்டினாள். பாதிச் சரத்தில் கையை நிறுத்தினாள்.

"வயரை அளந்தது நீதானே?"

"ஆமாம்மா."

"எந்த முழம் போட்ட?"

"கடை முழம்."

அம்மா என் கையை எடுத்துப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டாள். பிறகு, "யாராண்டயும் சொல்லாத" என்றாள். அடி விழாமல் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து, சந்தோஷமாகத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவள் என்னை எதையும் அளக்கச் சொன்னதில்லை.

மாமா பிழைத்தார். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. பிறகு நிமிரவே இல்லை. அந்தக் கையால் இனி எதை அளந்தாலும் கடை முழம்தான் வரும். கை போனதைவிடப் பேர் போனதுதான் பெரிது. அளக்கத் தெரியாதவன், மீதி வயரை விற்றவன், குடித்துவிட்டு ஏணி ஏறுகிறவன் என்று பெரியப்பா டீக்கடையில் சொன்னது ஆவடிவரை போய்விட்டது. இடது கையால் பழகிக்கொண்டு மாமா வேலை தேடினார். யாரும் கூப்பிடவில்லை. முழம் தப்பின வயர்மேன் என்று ஒரு பெயரும் வைத்தார்கள். வீடுகளுக்கெல்லாம் லைட் போட்ட மனுஷன், நசரத்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாகப் போனார். எங்கள் தெருவுக்குத் திரும்ப வரவே இல்லை.

போன மார்கழியில் அம்மா செத்துப்போனாள். அன்றைக்குத்தான் வந்தார். சவத்துக்குப் போட ஒரு மாலை கொண்டுவந்தார். பெரியப்பா அவருக்கும் சேர்த்து நாற்காலி போடச் சொன்னார். மாமா உட்காரவில்லை.

இந்தப் பேனரைப் பார்த்த அன்றைக்கு நான் நேராக நசரத்பேட்டைக்குப் போனேன். மத்தியான ஷிப்டில் இருந்தார். இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டு, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். டீ ஆறின பிறகு சொன்னேன்.

"மாமா, அந்த வயரை நான் கடை முழத்துல அளந்தேன். வெட்டினது பெரியப்பா. மீதி மோட்டார் கொட்டாய்க்குப் போச்சு. நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"தெரியும் கண்ணு" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"கைல புடிச்சப்பவே. என் கட்டிங் பிளேயர்ல வெட்டினா முனை வேற மாதிரி இருக்கும். அது அருவா போட்ட வெட்டு, செங்கல் தூளு ஒட்டிகினு இருந்துச்சு. அளந்தது நீ. நீ சரம் அளக்கறத எத்தினி தபா பாத்துகினு ஒக்காந்திருக்கேன். அறுபது முழம் எப்படிக் குறையும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் நீங்க சொல்லல?"

அப்போது ஒரு கார் வந்தது. எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொன்னா எப்படிக் கொறஞ்சுதுன்னு கேப்பாங்க. பொண்ணு வெரல மடக்கிட்டான்னு சொல்லணும். வெரல மடக்க யாரு சொல்லிக் குடுத்தான்னு அடுத்து கேப்பாங்க. அக்கா அந்தத் தெருவுலதானே பூ விக்கணும்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உடு கண்ணு. அம்மாவும் போயிட்டா. இன்னும் இன்னாத்துக்கு அது" என்றார்.

அன்றைக்கு ஏணியில் நின்று வயர் முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே, எவ்வளவு குறைகிறது என்று அவர் பார்க்கவில்லை. வெட்டியது யார், அளந்தது யார் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. பழியை யார் ஏற்றுக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். 'யாராண்டயும் சொல்லாத' என்று அம்மா சொன்னதும் எனக்காக மட்டும் இல்லை. தன் முழத்துக்காகவும்தான். தம்பியின் பேரைக் கொடுத்துத் தன் கூடையைக் காப்பாற்றினாள். அது தெரிந்துதான் சாகும்வரை அந்தக் கூடையைச் சுமந்தாள். ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு இவ்வளவும் விளங்கவில்லை. லைட் எரிகிறதா என்றுதான் அவள் பார்த்தாள்.

மாமா விடச் சொன்னார். நான் விடுவதாக இல்லை. இனி காப்பாற்ற வேண்டிய பூக்கூடை எதுவும் என் வீட்டில் இல்லை.

பெரியப்பா, திருவிழா அன்றைக்கு உங்களுக்குச் சால்வை போடப் போகிறார்கள். அதற்கு முன்னால் நான் மேடை ஏறுவேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். வயரைக் குறைத்து அளந்தவள் நான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பானை கழுவினவள் நான். இருபது எட்டில் இருந்த மெயினை அணைக்காமல், அம்மா பெயருக்காகக் காத்துக்கொண்டு நின்றவள் நான். இதை மைக்கில், அடுக்குமாடிக்காரர்கள் காதிலும் பழைய தெருக்காரர்கள் காதிலும் விழும்படி சொல்வேன்.

பிறகு மைக்கை உங்கள் கையில் கொடுப்பேன். உங்கள் மோட்டார் கொட்டாயில் இன்றைக்கும் தொங்குகிற அந்தச் சாம்பல் நிற வயர் யாருடையது? அன்றைக்கு அருவாளைப் பிடித்த கை யாருடையது? மெயினை அணைக்கச் சொல்லி ஒரு சின்னப் பெண் உங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்த பிறகு எத்தனை பெயர் படித்தீர்கள்?

வீட்டுக்குள் கூப்பிட்டு என்னிடம் சொல்ல வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.